பிராட்பேண்ட் ஸ்பீடை கூட்டினதும் 'விசிட் சார்ஜ்' வருதா? கட்டணுமா, திருப்பிக் கேட்கலாமா? முழு விவரம்

வீட்டு நெட் கனெக்‌ஷனை 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாற்றுகிறீர்கள். பணமும் கட்டியாச்சு. மறுநாள் பார்த்தால் ஸ்பீடு ஏறவே இல்லை, அல்லது நெட்டே வரவில்லை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் "ஆள் அனுப்புறோம் சார்" என்கிறார்கள். ஆள் வருகிறார், பத்து நிமிடம் ஏதோ பார்க்கிறார், சரியாகிவிடுகிறது. அடுத்த பில்லில் 'டெக்னீஷியன் விசிட்' என்று ஒரு புதிய வரி. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 500 ரூபாய் சார்ஜ் என்றால் கையை விட்டுப் போவது 590 ரூபாய்.

தென்காசி, குற்றாலம் பக்கம் இந்தத் தொகை சின்ன விஷயம் இல்லை. மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகும், கொரோனா காலத்துக்குப் பிறகும், இலஞ்சி, மேலகரம், பாவூர்சத்திரம் என்று சுற்றுவட்டார ஊர்களில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நெட் நின்றால் அன்றைய வேலை நின்றது. அதனால்தான் பலர் "கேட்டதைக் கொடுத்துட்டு வேலையைப் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எல்லா விசிட் சார்ஜும் கட்ட வேண்டியது இல்லை. எது கட்ட வேண்டியது, எது கேள்வி கேட்க வேண்டியது, கேட்டால் யாரிடம் கேட்பது? பார்ப்போம்.

சுருக்கமாக என்ன பதில்?

இரண்டே கேள்விகள்தான். கோளாறு யார் பக்கம் இருந்தது? ஆள் வருவதற்கு முன்பே "இதற்குக் காசு ஆகும்" என்று உங்களிடம் சொன்னார்களா? கோளாறு கம்பெனி பக்கம் என்றால் அந்த சார்ஜை நீக்கச் சொல்லி தாராளமாகக் கேட்கலாம். கோளாறு உங்கள் வீட்டுப் பக்கமே இருந்தாலும், முன்கூட்டியே சொல்லாமல் பில்லில் ஏற்றியிருந்தால் அதையும் கேட்கலாம். உங்கள் பக்கக் கோளாறு, முன்பே சொன்னார்கள், நீங்களும் சரி என்றீர்கள் என்றால் அது கட்ட வேண்டிய காசு. அதில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

விசிட் சார்ஜ் வாங்குவதே தப்பா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம். வீட்டு பிராட்பேண்ட் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விட்டு வைத்திருக்கிறது. மாத வாடகைக்கோ விசிட்டுக்கோ இவ்வளவுதான் என்று ஒரு அரசு ரேட் கார்டு கிடையாது. ஆட்டோவுக்கு மீட்டர் கட்டணம் மாதிரி இதற்கு இல்லை. எனவே "டிராய் விதிப்படி விசிட் ஃப்ரீ" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாதாட வேண்டாம், அந்த வாதம் நிற்காது.

நிற்கிற வாதம் வேறு. நிறுவனம் தன் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிளான் விவரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ நிறுவனத்தின் ஆப்பிலோ அந்த விசிட் சார்ஜ் எழுதியிருக்கிறதா, எந்தச் சூழ்நிலைக்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் "வாடிக்கையாளர் பகுதியில் ஏற்படும் கோளாறுக்கு" என்கிற மாதிரி ஒரு நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனைதான் உங்கள் ஆயுதம். கோளாறு வாடிக்கையாளர் பகுதியில் இல்லை என்று காட்டிவிட்டால், அவர்கள் எழுதிய விதிப்படியே அந்த சார்ஜ் செல்லாது.

கம்பெனி பக்கம் எது, நம்ம பக்கம் எது?

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் வயர், கம்பத்தில் இருக்கும் பெட்டி, அதற்கு அப்பால் உள்ள எல்லாமே கம்பெனி பக்கம். வீட்டுக்குள் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன மோடம் பெட்டி கம்பெனி கொடுத்தது என்றால், அதில் தானாக வரும் பழுதும் பொதுவாக அவர்கள் தலையில்தான். நீங்கள் கடையில் வாங்கிய தனி ரவுட்டர், மாடிக்கு நீங்களே இழுத்த லேன் வயர், லேப்டாப், டிவி இதெல்லாம் நம்ம பக்கம். நடுவில் ஒரு சிக்கலான இடம் உண்டு: வீட்டுக்குள் வரும் ஃபைபரை பீரோ நகர்த்தும்போது மடக்கி ஒடித்தாலோ, எலி கடித்தாலோ கம்பெனி உங்களைத்தான் கை காட்டும். அதில் வாதம் கொஞ்சம் பலவீனம்தான்.

குற்றாலத்தில் இதோடு குரங்கும் சேர்ந்துகொள்ளும். மொட்டை மாடி வழியாக வரும் வயர் அறுந்தால் அது யார் கணக்கு? வயர் ஓடும் இடம் உங்கள் காம்பவுண்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வைத்துத்தான் பேச்சு தொடங்கும். வயரை அப்படித் தொங்கவிட்டு இழுத்தது கம்பெனி ஆள்தான் என்றால், அதையும் சொல்ல வேண்டும். கனெக்‌ஷன் கொடுத்த அன்றே வயர் எப்படி வருகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பின்னால் பேச வசதி.

மோடத்தின் விளக்கு என்ன சொல்கிறது?

ஆள் வருவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி மோடத்தைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் வயர் மடங்காமல் இருந்தால், இது வெளியே உள்ள கோளாறு. 'பான்' விளக்கு நிற்காமல் மினுக்கினால், மோடம் கம்பெனியின் கருவியோடு இணைய முடியாமல் தவிக்கிறது. இரண்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தேதியும் நேரமும் போட்டோவிலேயே பதிவாகிவிடும். டெக்னீஷியன் சரிசெய்த பிறகு "விளக்கு எரியலையே" என்று யாரும் சொல்ல முடியாது.

டெக்னீஷியன் கையில் ஒரு மீட்டர் வைத்து அளப்பார். மோடத்துக்கு வரும் வெளிச்சத்தின் அளவு அது. வீட்டு ஃபைபரில் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை இருந்தால் மோடம் தாங்கும். மைனஸ் 30 என்று காட்டினால் சிக்னல் பலவீனம். "எவ்வளவு காட்டுது தம்பி?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கேட்டால் சொல்வார்கள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

அப்கிரேடு செய்ததும் ஏன் கோளாறு வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி சண்டை முடிந்தது. ஃபைபர் இணைப்பில் ஸ்பீடு கூட்டுவது என்பது பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில் ஒரு எண்ணை மாற்றுவதுதான். அதற்கு ஆள் வீட்டுக்கு வரவே தேவையில்லை. வர வேண்டிய நிலை வந்தால், காரணம் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, சர்வரில் பிளான் சரியாக மாறவில்லை. பணம் பிடித்தாயிற்று, பழைய ஸ்பீடே ஓடுகிறது. இது நூற்றுக்கு நூறு கம்பெனி வேலை.

இரண்டாவது, லாகின் பெயரும் பாஸ்வேர்டும். சில இணைப்புகளில் மோடத்துக்குள் ஒரு லாகின் போட்டிருப்பார்கள். பிளான் மாற்றும்போது அது மாறினாலோ மோடம் ரீசெட் ஆனாலோ நெட் வராது. ரீசெட் பட்டனை அழுத்தியது யார் என்பது இங்கே முக்கியம். கஸ்டமர் கேரில் "பின்னால இருக்கிற சின்ன ஓட்டையில ஊசியை வச்சு அழுத்துங்க" என்று அவர்களே சொல்லி நீங்கள் அழுத்தியிருந்தால், அதன் விளைவுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. யார் சொன்னார்கள், எந்த நேரத்துக்கு போன் என்று குறித்து வையுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: பழைய மோடம். விலை குறைந்த மோடங்கள் பலவற்றில் லேன் வயர் சொருகும் இடம் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் தாங்காது. நீங்கள் 300-க்குப் பணம் கட்டினாலும் வயரில் 90, 95-க்கு மேல் வராது. வைஃபையும் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால் 100-ஐத் தாண்டுவதே கஷ்டம். அந்த மோடத்தைக் கொடுத்தது கம்பெனி. 300-க்குத் தாங்காது என்று தெரிந்தோ தெரியாமலோ பிளானை விற்றதும் கம்பெனி. இந்த நிலையில் ஆளை அனுப்பி, "மோடம் மாத்தணும், விசிட் சார்ஜ் தனி, புது மோடம் தனி" என்றால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். பிளானை விற்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் வேலை.

நான்காவது நம்ம பக்கம். தென்காசியில் பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போகாது. முன் அறையில் 280 வரும், பின் அறையில் 30 வரும். இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. மாடிக்கு இழுத்த லேன் வயரில் எட்டு கம்பிக்குப் பதில் நான்கு மட்டும் இணைத்திருந்தாலும் 100-க்கு மேல் போகாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நல்ல லேன் வயரை மோடத்தில் நேராகச் சொருகி லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். நேராகச் சொருகியும் ஸ்பீடு வரவில்லை என்றால் கோளாறு மோடத்திலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. நேராக வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் உங்கள் வீட்டுக்குள் பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் முக்கியம். காலை, மாலை, இரவு மூன்று நேரம் எடுத்தால் இன்னும் நல்லது. இதைச் செய்துவிட்டு போன் போட்டால், ஆளே வராமல் போனிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

ஆளை அனுப்பும்போது என்ன கேட்க வேண்டும்?

ஒரே ஒரு கேள்வி: "இந்த விசிட்டுக்குக் காசு உண்டா?" பதில் இல்லை என்றால், அதை மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லை என்றாலும் பேசிய தேதி, நேரம், புகார் எண் உங்களிடம் இருக்கும். உரையாடல்களை அவர்கள் பதிவு செய்கிறார்கள் என்று அவர்களேதான் சொல்கிறார்கள். பின்னால் "அந்தப் பதிவைக் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயம். வேலை முடிந்ததும் சில நிறுவனங்களில் உங்கள் போனுக்கு ஓடிபி வரும். "அதைச் சொல்லுங்க அக்கா, கம்ப்ளைண்ட்டை குளோஸ் பண்ணிடுறேன்" என்பார் வந்தவர். நெட் வேலை செய்கிறதா, ஸ்பீடு வருகிறதா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். சில இடங்களில் அதே ஓடிபி, செய்த வேலைக்கும் சார்ஜுக்கும் நீங்கள் சம்மதித்ததாகக் கணக்கில் ஏறும். மெசேஜை முழுசாகப் படியுங்கள். 'சார்ஜ்' என்ற வார்த்தை அதில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

கையில் கேட்ட காசு, பில்லில் வந்த காசு: இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை. சின்ன ஊர்களில் பெரிய நிறுவனங்களின் இணைப்பையும் உள்ளூர் ஆட்கள்தான் பார்க்கிறார்கள். பிஎஸ்என்எல் ஃபைபரிலேயே பல ஊர்களில் வருமானத்தில் பங்கு என்ற அடிப்படையில் உள்ளூர் பார்ட்னர்கள்தான் வயர் இழுத்து இணைப்பு கொடுக்கிறார்கள். கேபிள் டிவி நடத்தியவர்களே நெட்டும் கொடுப்பது சகஜம். எனவே வீட்டுக்கு வருகிறவர் கம்பெனி சம்பளக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை.

"அண்ணாச்சி, பெட்ரோல் செலவுக்கு ஒரு 200 ரூவா போட்டு விடுங்க" என்று தன் சொந்த ஜிபே நம்பரைக் காட்டினால், அது கம்பெனியின் விசிட் சார்ஜ் இல்லை. கம்பெனி கணக்கில் அது ஏறாது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். மழையில் நனைந்து கம்பம் ஏறியவருக்கு டீ செலவுக்குக் கொடுப்பது வேறு, கட்டணம் என்று சொல்லிக் கேட்டுக் கொடுப்பது வேறு. "கட்டணம்" என்று கேட்டால் பதில் எளிது: "பில்லில் போடச் சொல்லுங்க தம்பி, நான் அங்கே கட்டிக்கிறேன்." உண்மையான சார்ஜ் என்றால் பில்லில் வரும், இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடியும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ரசீது கேளுங்கள். ஜிஎஸ்டி போட்டு வாங்கினால் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் பதிவு என்றால் அது 33-ல் தொடங்கும். செய்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ரசீது இல்லை, பணம் தனி நபர் நம்பருக்குப் போயிருக்கிறது என்றால், அந்த ஜிபே ஸ்கிரீன்ஷாட்டே சாட்சி. அதை இணைத்துக் கம்பெனிக்குப் புகார் போடலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த ஆளிடம் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. பில்லில் சார்ஜ் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. நாளைக்கு வயர் அறுந்தால் வரப்போவதும் அவர்தான்.

புகார் எப்படிப் போடுவது?

தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் புகார்களுக்கு டிராய் 2012 ஜனவரியில் ஒரு விதிமுறை கொண்டு வந்தது. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புகார் மையம் ஒன்று இருக்க வேண்டும், கட்டணமில்லா எண் இருக்க வேண்டும், புகார் போட்டதும் 'டாக்கெட் நம்பர்' என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். இந்த எண் இல்லாமல் நீங்கள் எத்தனை முறை போன் போட்டாலும் கணக்கில் வராது. "சொல்லியாச்சு சார், பார்த்துக்கிறோம்" என்பது புகார் அல்ல. டாக்கெட் நம்பர் வாங்குவதுதான் புகார்.

நெட் வரவில்லை என்று போட்ட பழைய புகாரும், சார்ஜை நீக்கு என்று போடும் புகாரும் வேறு வேறு. இரண்டாவதற்குத் தனி எண் வாங்குங்கள். போனில் சொல்வதோடு ஆப் வழியாகவோ மெயிலிலோ எழுதியும் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். கிட்டத்தட்ட இப்படி:

"என் இணைப்பு எண் (எண்). (தேதி) அன்று பிளானை மாற்றினேன். அதன் பிறகு இணைப்பு சரியாக வேலை செய்யவில்லை. (தேதி) அன்று (எண்) என்ற புகார் பதிவு செய்தேன். வந்த டெக்னீஷியன் (செய்த வேலை) செய்து சரிசெய்தார். கோளாறு என் வீட்டுக் கருவிகளில் இல்லை. இதற்குக் கட்டணம் உண்டு என்று யாரும் முன்பே சொல்லவில்லை. பில்லில் சேர்த்துள்ள ரூ.(தொகை), அதற்கான ஜிஎஸ்டி இரண்டையும் நீக்கவும். நீக்க முடியாது என்றால் எந்தக் கட்டண விதியின் கீழ் வசூலிக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பல புகார்கள் அந்த வரியிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் எழுத்தில் காட்ட அவர்களிடம் விதி இருக்க வேண்டும். ஜிஎஸ்டியையும் குறிப்பிட மறக்காதீர்கள். 500-ஐ நீக்கிவிட்டு 90-ஐ அப்படியே விட்டுவிடலாம்.

பில் தொடர்பான புகாருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். உங்களுக்குச் சாதகமாக முடிந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

அதுவரை பில்லைக் கட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா?

முழு பில்லையும் கட்டாமல் வைத்துக்கொண்டு சண்டை போடுவது ஆபத்து. இணைப்பைத் துண்டித்துவிட்டால் பேச்சு 590 ரூபாயைப் பற்றி இருக்காது, பாக்கியைப் பற்றியும் மறு இணைப்புக் கட்டணத்தைப் பற்றியும் மாறிவிடும். ஆப்பில் குறைத்துக் கட்ட வழி இருந்தால், மாத வாடகையை மட்டும் கட்டிவிட்டு மீதியைப் புகாரில் இருக்கிறது என்று எழுதுங்கள். வழி இல்லை என்றால் முழுசாகக் கட்டிவிட்டு, "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று அதே டாக்கெட் நம்பரில் ஒரு மெயில். கட்டியதால் உரிமை போய்விடாது.

"சார்ஜ் சரிதான்" என்று புகாரை மூடிவிட்டால்?

அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். 'அப்பலேட் அத்தாரிட்டி' என்று தேடினால் நிறுவனத்தின் இணையதளத்தில் தமிழ்நாடு வட்டத்துக்கான மெயில் முகவரி கிடைக்கும். முதல் புகாருக்கான காலக்கெடு முடிந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. இதற்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நிறுவனத்தின் ஆள் ஒருவரும் நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இருப்பார்கள். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கஸ்டமர் கேரில் அசையாத விஷயம் இங்கே அசைவதற்குக் காரணம், இங்கே கோப்பு தயாராக வேண்டும். 590 ரூபாய்க்காகக் கோப்பு தயாரிப்பதைவிட வரவு வைப்பது அவர்களுக்கு லாபம்.

மிகச் சிறிய இணைய நிறுவனங்களுக்கு இந்த 2012 விதிமுறையிலிருந்து விலக்கு உண்டு. ஊர் அளவில் மட்டும் நடத்துகிறவரிடம் கனெக்‌ஷன் என்றால், இந்தப் படியில் காத்திருக்காமல் நேரே அடுத்ததற்குப் போகலாம்.

டிராய்க்கே எழுதினால் என்ன?

டிராய் விதிகளைப் போடும் அமைப்பு. தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. டெல்லியில் டிடிசாட் என்ற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமும் உண்டு, ஆனால் தனி வாடிக்கையாளரின் பில் சண்டைக்கான இடம் அது இல்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் பொது குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ் வழியாக எழுதலாம். பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் இணைப்பு என்றால் இந்த வழியையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

பெரும்பாலானோருக்கு அடுத்த படி 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பும் உண்டு. இவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். டாக்கெட் நம்பர், பில், போட்டோ எல்லாம் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

590 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையமா?

போகலாம். ஒரு காலத்தில் போக முடியாது என்று சொன்னார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம், தொலைபேசி பில் தகராறுகளுக்கு 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, நுகர்வோர் மன்றம் வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டித் தொலைபேசி நிறுவனங்கள் பல ஆண்டுகள் தப்பித்தன.

அதை மாற்றியது அகமதாபாத்தில் தொடங்கிய ஒரு பில் சண்டை. மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டி வந்த வோடஃபோன் வாடிக்கையாளர் ஒருவருக்கு, 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு பில் வந்தது. அவர் 2014-ல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். "இந்த மன்றத்துக்கு விசாரிக்க அதிகாரமே இல்லை" என்றது நிறுவனம். அந்த ஒரு கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, தந்திச் சட்டத்தின் வழி இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது, எங்கே போவது என்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. பில் சரியா தப்பா என்பதை உச்ச நீதிமன்றம் அங்கே முடிவு செய்யவில்லை, கதவு திறந்திருக்கிறது என்று மட்டும்தான் சொன்னது. நமக்குத் தேவையானதும் அதுதான்.

2019 சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு என்ற வார்த்தை சேர்ந்துவிட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி கேட்கும் உரிமையை விட்டு வைத்திருக்கிறது.

கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025 முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 590 ரூபாய்க்கு மட்டும் என்றால் பலருக்கு அலுத்துவிடும். நாள் கணக்கில் நெட் இல்லாமல் வேலை கெட்டது, துண்டித்து மிரட்டினார்கள், சார்ஜை மாதாமாதம் ஏற்றுகிறார்கள் என்ற நிலையில்தான் இந்தப் படி அர்த்தமுள்ளது.

குற்றாலத்தில் லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கவனிக்க

இங்கே ஒரு முட்டுக்கட்டை. வியாபார நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவரை நுகர்வோர் சட்டம் 'நுகர்வோர்' என்று ஏற்பதில்லை. ஐந்தருவி ரோட்டில் இருபது அறை வைத்து நடத்தும் லாட்ஜுக்கு வாங்கிய இணைப்பு என்றால், ஆணையத்தில் கம்பெனி முதலில் எழுப்பும் ஆட்சேபமே இதுதான். ஆனால் விதிவிலக்கும் உண்டு: சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் நடத்துகிறவர் நுகர்வோர்தான். சொந்த வீட்டின் மாடியில் இரண்டு அறையை சீசனுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர், இந்த விதிவிலக்கைக் காட்டிக் கேட்கலாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வீட்டு பிளானா வணிக பிளானா என்பதெல்லாம் அப்போது பார்க்கப்படும். வீட்டு பிளானை வாங்கி லாட்ஜ் முழுக்க ஓடவிட்டிருந்தால், நிபந்தனையை மீறியது நீங்கள்தான் என்று திருப்பி அடிப்பார்கள்.

நிறுவனத்தின் புகார் மையமும் மேல்முறையீடும் அப்படி இல்லை. இணைப்பு வைத்திருக்கும் சந்தாதாரர் என்ற முறையில் லாட்ஜ்காரரும் அங்கே கேட்கலாம்.

சாரல் சீசனில் ஆள் வரத் தாமதமானால்?

ஜூன் தொடங்கி சாரலும் காற்றும் சேர்ந்தால் மரக்கிளை விழுந்து வயர் அறுவது வழக்கம். அதற்கு விசிட் சார்ஜ் கேட்டால் அது எந்தக் கணக்கிலும் சேராது. இன்னொரு பக்கம், உங்களுக்கே திரும்பி வர வேண்டிய காசும் இருக்கலாம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத் தர விதிகளில், வீட்டு இணைப்பில் கோளாறு மூன்று நாளுக்கு மேல் சரியாகாமல் கிடந்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று இருக்கிறது. இது தானாக வருகிறதா என்று பில்லில் பாருங்கள், வரவில்லை என்றால் விசிட் சார்ஜ் புகாரோடு இதையும் சேர்த்து எழுதலாம். நாள் கணக்கு, நீங்கள் முதல் புகார் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கிய நேரத்திலிருந்துதான் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் போட்டிருப்பார் என்று காத்திருந்த நாட்கள் சேராது.

பிரிட்டனில் இதற்கு ஒரு படி மேலே போய், சொன்ன நேரத்துக்கு டெக்னீஷியன் வராமல் ஏமாற்றினால் வாடிக்கையாளருக்குத் தானாகவே இழப்பீடு தரும் ஏற்பாடு 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்கள் கேட்காமலே பில்லில் கழித்துவிட வேண்டும். நம்ம ஊரில் அப்படி இல்லை. லீவு போட்டுக் காத்திருந்த நாளுக்குக் காசு கிடையாது. காத்திருந்ததைப் புகாரில் எழுதி வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார்கள், எப்போது வந்தார்கள்.

புகார் ஜெயித்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அடுத்த பில் வந்ததும் 'கிரெடிட்' அல்லது 'அட்ஜஸ்ட்மென்ட்' என்ற வரியில் முழுத் தொகையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீபெய்டு இணைப்பு என்றால் பணமாகத் திரும்பாது, பெரும்பாலும் அடுத்த ரீசார்ஜில் நாட்களாகவோ இருப்பாகவோ சேர்ப்பார்கள். வரவில்லை என்றால் புதிய புகார் வேண்டாம். பழைய டாக்கெட் நம்பரைச் சொல்லி, முடித்து வைத்ததாக வந்த மெசேஜை இணைத்து, மேல்முறையீட்டு அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்கள்.